‘யார் கை’ என்ற காலிக் கட்டம்

அவைத் தலைவரும், சாரல் காலம் தோறும் தன் குற்றாலம் லாட்ஜ் மண்டபத்தை நமக்குத் திறந்துவிடுகிறவருமான மன்சூர் பாய் அவர்களே, சென்னையிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பதிப்பாளர் ராகவேந்திரன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நம் பதிவாளரின் மகள் ஸ்ரீதேவி அவர்களே, சாரலில் நனைந்த துண்டோடு வந்திருக்கிற ஏழுசுனை வாசகர் வட்டத்துச் சொந்தங்களே, எல்லோருக்கும் கடையம் நல்லகண்ணுவின் வணக்கம்.

இன்று அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. அதனால்தான் மண்டபம் நிறைந்திருக்கிறது என்று வாசலில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியே கவனித்துக்கொள்கிறேன்.

மைக்கைத் தள்ளி வைக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் தென்காசி, செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் நான். “அண்ணாச்சி, நீங்க பேசுதது ஐந்தருவி வரைக்கும் கேக்கு, மைக்கை அணைச்சிருங்க” என்று ஒவ்வொரு வருடமும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், இதோ மாலைக்குள் படமாக இருக்கிறார். இனி என்னை அடக்க இந்த மண்டபத்தில் யார் இருக்கிறார்கள்?

பதிவாளர் ஆவுடைத்தாய் அம்மையார் மறைந்து இன்றோடு இருபத்தாறு நாள். அம்மையார் என்று சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது. அவர் எனக்கு ஆவுடைத் தங்கச்சி. அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன், சபை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரோடு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர்களும் உறவுக்காரர்களும் வந்திருக்கிறீர்கள். எங்கள் வட்டம் என்ன, ஏழுசுனை என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சுனைவாசன் என்ற பெயரில் எழுதிய பெரியவர் ஒருவர் இருந்தார். கும்பகோணத்துப் பக்கம். ஏழுசுனை என்று ஒரு நாட்டைக் கற்பனை செய்து, மாதம் ஒரு சின்னப் புத்தகமாக அறுபத்திரண்டு புத்தகம் எழுதினார். அந்த நாட்டில் நாச்சி என்று ஓர் ஓடக்காரி. அறுபத்திரண்டாம் எண்ணில் அவள் ஓர் அருவிக்குப் பின்னால் போகிறாள். அடுத்த எண் வருவதற்குள் சுனைவாசன் காலமாகிவிட்டார். நாச்சி வெளியே வந்தாளா, வரவில்லையா? முப்பத்தாறு வருடமாக நாங்கள் அந்த அருவி வாசலில் நிற்கிறோம்.

நிற்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? தாங்களே எழுதுவார்கள். நானும் எழுதினேன். பத்தொன்பது கதை எழுதினேன். இந்த வட்டத்தில் இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கதை வந்திருக்கிறது. ஒருவர் நாச்சிக்குக் கல்யாணம் செய்து வைத்தார். ஒருவர் அவளைப் பேயாக்கினார். இன்னொருவர் துபாய்க்கே அனுப்பிவிட்டார், அவர் அங்கே வேலை பார்க்கிறார் என்பதால். இப்படியே விட்டால் எது சுனைவாசன் சொன்னது, எது நாம் கட்டியது என்று நாளைக்கு யாருக்குத் தெரியும்? அந்தக் கவலையில்தான் இரண்டாயிரத்து மூன்றில் ஒரு பதிவேடு திறந்தோம். ஆவுடைத்தாயைப் பதிவாளராக்கினோம்.

அவர் பதிவேட்டில் நாலு கட்டம் போட்டார். எண், தலைப்பு, அசலா கைச்சரக்கா, யார் கை. இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கி வந்தார். ஒன்றில் அசல், ஒன்றில் கைச்சரக்கு. அந்தக் கைச்சரக்கு ஸ்டாம்பில் முதல் அடி வாங்கியவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் முதல் கதை, ‘நாச்சி திரும்பினாள்’. எண்பது பக்கம். ஆவுடைத்தாய் அதை மூன்று முறை வாசித்தார். உச்சிச்சுனையிலிருந்து கீழ்த்துறைக்கு ஓடத்தில் ஒரு பகல் ஆகும், நான் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று திருத்தினார். பஸ்காரன் புத்தி என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முதல் பக்கத்தில் கைச்சரக்கு என்று குத்தினார். எனக்கு வந்ததே கோபம். “என் கதை என்ன, மட்டமான சரக்கா?” என்று கேட்டேன்.

“கைச்சரக்குன்னா மட்டம்னு யாரு சொன்னா அண்ணாச்சி? யாரு கைன்னு தெரியணும், அவ்வளவுதான். ஒங்க கையை அவரு கைன்னு எழுதினா ரெண்டு பேருக்கும்லா அவமானம்” என்றார்.

அடுத்த கட்டத்தில், ‘யார் கை’ என்பதற்குக் கீழே, கடையம் நல்லகண்ணு என்று அழகான கையெழுத்தில் எழுதினார். கோபத்தில் ஒரு சாரல் காலம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அவரோ அந்த இருநூற்றுப் பன்னிரண்டு கதையையும் தன் வீட்டுப் பீரோவில் சேலைகளை இறக்கிவிட்டு அடுக்கி வைத்தார். உங்கள் வீட்டுப் பீரோவில் ஊரார் எழுதியதற்கு இடம் கொடுப்பீர்களா? சேலையை இறக்குவீர்களா? ஆவுடைத்தாய் இறக்கினார்.

இனி நான் சொல்லப் போவது முப்பத்தேழாம் எண்ணைப் பற்றி. அதற்காகத்தான் பதினைந்து நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை.

முப்பத்தேழாம் எண் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் வந்தது. பைண்டிங்கில் ஒரு தப்பு நடந்தது. நாற்பத்தொன்பது முதல் அறுபத்து நாலு வரையுள்ள பாரம், அதாவது பதினாறு பக்கம், இரண்டு தடவை சேர்ந்துவிட்டது. அறுபத்தைந்து முதல் எண்பது வரையுள்ள பாரம் ஒரு பிரதியிலும் இல்லை. நாச்சி ஓடத்தை அவிழ்க்கிறாள், பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் அவிழ்க்கிறாள், அதைத் திருப்பினால் அக்கரையில் நிற்கிறாள். நடுவில் என்ன நடந்தது? இரண்டு வருடம் கழித்து மறுபதிப்பு வந்தபோதுதான் அந்தப் பதினாறு பக்கத்தை வாசித்தோம்.

வாசிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். சாரல் அடிக்கிறது. முக்காடு போட்ட ஒருவன் ஓடத்தில் ஏறுகிறான். நடு ஆற்றில் அவன் வாயைத் திறந்து ஏதோ கேட்கிறான். குரலை வைத்தே நாச்சிக்குத் தெரிந்துவிடுகிறது, தன் அண்ணனைக் கொன்ற தளபதி கங்கன் இவன் என்று. ஆறு வெள்ளமாகப் போகிறது. ஓடத்தை ஒரு பக்கம் சாய்த்தால் போதும். அவள் சாய்க்கவில்லை. தனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளவில்லை. துடுப்புப் போட்டுக்கொண்டே போய், “கரை வந்துவிட்டது. இறங்குங்கள்” என்கிறாள். அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு இருநூறு தடவை ‘இறங்குங்க, இறங்குங்க’ என்று கத்தியவன் நான். அந்த வரியை வாசித்த மறுநாள் பஸ்ஸில் அதே சொல்லைச் சொல்ல வந்து, சொல்லாமல் விசிலை மட்டும் ஊதினேன். அறுபத்திரண்டு புத்தகத்திலும் எது உச்சம் என்று கேட்டால் இந்த மண்டபமே எழுந்து அந்தப் பதினாறு பக்கம் என்று சொல்லும். சொல்லாதா?

அந்தப் பதினாறு பக்கத்துக்குத்தான் ஆவுடைத்தாய் பதிவேட்டில் கைச்சரக்கு என்று குத்தினார். இரண்டாயிரத்து நாலு, ஆடி மாதம், இதே மண்டபம். அந்த ‘யார் கை’ கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

சும்மா இருப்போமா? குதித்தோம். எல்லோரையும்விட நான் அதிகமாகக் குதித்தேன்.

“ஆதாரம் என்ன தாயி?” என்று கேட்டேன்.

“காட்ட முடியாது அண்ணாச்சி. எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்? சுனைவாசன் ஒன் கனவுல வந்து சொன்னாரா?”

“அந்தப் பதினாறு பக்கத்துல மட்டும் சாரல்னு வருது, பாத்தீகளா? மத்த அறுபத்தோரு புத்தகத்துலயும் அவரு தூறல்னுதான் எழுதுதாரு.”

நான் விட்டேனா? அங்கேயே, நின்ற இடத்திலேயே ஒரு பதில் தயாரித்தேன். “மறுபதிப்புக்கு முன்னால அவரு குற்றாலத்துக்குக் குளிக்க வந்திருக்காரு. இங்கன தங்கித்தான் அந்தப் பக்கங்களை எழுதியிருக்காரு. அதான் சாரல்” என்றேன். சபை கை தட்டியது. அடுத்த வருடத்துக்குள் அவர் தங்கிய அறை எது என்றே கண்டுபிடித்துவிட்டோம். மன்சூர் பாய் பதினோராம் எண் அறை வாசலில் பலகையே மாட்டினார், ‘எழுத்தாளர் சுனைவாசன் தங்கிய அறை’ என்று. அந்தப் பலகை இன்றைக்கும் இருக்கிறது. சீசனில் அந்த அறைக்குத்தான் முதலில் ஆள் வருகிறது. ஆவுடைத்தாய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, “இதுக்கும் ஒரு குத்து குத்திரட்டுமா பாய்?” என்று ஸ்டாம்பை எடுத்தது மன்சூர் பாய்க்கு நினைவிருக்கும்.

ஆனால் அன்றைய சண்டையில் நான் அதோடு நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். சபை நடுவில், அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: “ஒனக்கு ஒரு கதைகூட எழுத வரலை. அந்த வயித்தெரிச்சல்ல எழுதினவரு எழுத்துல கை வைக்காதே.”

ஆமாம், சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். வட்டத்தில் ஒரு கதைகூட எழுதாத ஒரே ஆள் ஆவுடைத்தாய்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “அண்ணாச்சி, அந்தப் பக்கம் ஒங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?”

“உயிரு” என்றேன். “அதை எழுத இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்.”

அவர் சிரித்தார். சண்டையில் தோற்றவர் சிரிக்கிற சிரிப்பு என்று நினைத்தேன். கை தூக்கச் சொன்னோம். நான்தான் எண்ணினேன், பஸ்ஸில் தலை எண்ணிப் பழக்கம். அசல் என்று முப்பத்தொரு கை. எதிராக ஒரே கை. ஆவுடைத்தாய் பேனாவை எடுத்துத் தனக்கு எதிரான முடிவைத் தானே எழுதினார். ‘வட்டத்தின் முடிவு: அசல். பதிவாளர் கருத்து: கைச்சரக்கு.’ எழுதி முடித்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க அண்ணாச்சி” என்று என்னையே கூட்டிக்கொண்டு போனார். சொன்ன சொல்லுக்கு நான் வருத்தம் தெரிவிக்கவே இல்லை. இருபத்தொரு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தும் தெரிவிக்கவில்லை.

இந்தச் சித்திரையில் ராகவேந்திரன் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. அறுபத்திரண்டு எண்ணும் ஒரே தொகுப்பாக வரப் போகிறது, ஆசிரியர் தன் கையால் எழுதியது மட்டுமே இடம்பெறும், பதிவேட்டுப்படி பட்டியல் அனுப்புங்கள் என்று. ஆவுடைத்தாய் அப்போதே படுக்கையில் இருந்தார். பார்க்கப் போனேன். “பட்டியலை அனுப்பிட்டேன் அண்ணாச்சி. முப்பத்தேழுக்கு ரெண்டு கருத்தையும் எழுதியிருக்கேன்” என்றார். அந்த நிலையிலும் விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் காலமான பதினோராம் நாள் ஸ்ரீதேவி கடையத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். பதிவேட்டையும் இரண்டு ஸ்டாம்பையும் கையில் கொடுத்தாள். கூடவே பழைய இன்லண்ட் கடிதம் ஒன்று.

“பதிவேட்டு மேலட்டை கிழிஞ்சிருந்துது மாமா. மாத்தலாம்னு பிரிச்சேன். உள்ள இது இருந்துது. நான் வாசிச்சுட்டேன். நீங்களும் வாசிங்க.”

சுனைவாசன் கையெழுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, தை மாதம். ராகவேந்திரன் தம்பி, நீங்களும் கேளுங்கள்.

“செல்வி ஆவுடைத்தாய்க்கு ஆசிகள். அச்சகத்தில் கைப்பிரதியோடு தொலைந்த பாரத்தைத் திரும்ப எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. முன்பு என்ன எழுதியிருந்தேன் என்பதே மறந்துபோயிற்று. ‘இப்படித்தான் நடந்திருக்குமோ’ என்று கேட்டு நீ எழுதி அனுப்பிய பக்கங்களை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். சாரலைத் தூறல் என்று மாற்றப் பேனாவை எடுத்தேன், மனம் வரவில்லை. தென்காசிப் பக்கம் நான் வந்ததே இல்லை. உங்கள் சாரலை உன் பக்கங்களில்தான் பார்த்தேன். பெயர் போடட்டுமா என்று கேட்டதற்கு, ‘நான் இருக்கிற வரை வேண்டாம், தெரிந்தால் வாசிக்கிறவர்கள் நாச்சியை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். உன் இஷ்டம். ஆனால் உனக்குப் பிறகாவது யாராவது சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பதினாறு பக்கம் திருடினவனாகவே நான் நின்றுபோவேன்.”

மன்சூர் பாய், பதினோராம் எண் அறையை மன்னித்துக்கொள்ளுங்கள். அது என் கைச்சரக்கு.

சொந்தங்களே, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை யாருடைய வேலை? நடுவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டும், கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிற வேலை யாருடைய வேலை? தென்காசி எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபத்து நாலு வயதுப் பெண்ணின் வேலை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, தப்பான நம்பருக்கு இணைப்பும் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றினார் என் தங்கச்சி. தான் எழுதியதை வாய் திறந்து சொல்லவில்லை. சுனைவாசன் எழுதியதாகப் பொய்யாகப் பதியவும் இல்லை. அதற்காக எங்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கினார். அவர் எழுத்தையே அவர் முகத்துக்கு எதிரே புகழ்ந்து, அவரையே வயிற்றெரிச்சல்காரி என்றேன். இன்றைக்குச் சொல்கிறேன், ஆவுடை, நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துக்கொள்.

கடிதத்தைக் கொடுத்த அன்று ஸ்ரீதேவி என்னிடம் கேட்டாள். “இதை வெளியே சொன்னா அம்மா எழுதினதைப் புத்தகத்துல இருந்து எடுத்துருவாங்களா மாமா?”

உண்மையைச் சொல்கிறேன், கடிதத்தை மறுபடி அட்டைக்குள் வைத்து ஒட்டிவிடலாம் என்று பசையைக்கூட எடுத்தேன். யாருக்கும் தெரியாது. வட்டத்தின் முடிவு அசல் என்றுதான் இருக்கிறது. பக்கங்கள் தப்பித்துவிடும். ஆனால் சுனைவாசன் என்னைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது, என்னைத் திருடனாகவே விட்டுவிடப் போகிறாயா என்று. பசையை மூடி வைத்துவிட்டேன்.

எழுத ஆரம்பித்தவர் சொன்னால் அசலா? அச்சடித்தவர் சொன்னால் அசலா? வாசித்துவிட்டு விசிலை மட்டும் ஊதினவன் சொன்னால் அசலா? நாங்கள் முப்பத்தொரு பேர் கை தூக்கி அதை அசல் ஆக்கினோம். எங்கள் கைக்கு அந்தப் பலம் இல்லை என்று இப்போது தெரிகிறது. கைச்சரக்குதான். பதிவாளர் சொன்னதே சரி. ஆனால் கைச்சரக்கு என்றால் மட்டம் என்று யார் சொன்னது? நாச்சி நடு ஆற்றில் அந்த ஓடத்தைச் சாய்க்கவில்லை என்பதை ஏழுசுனையிலிருந்து இனி யாரால் எடுக்க முடியும்?

ராகவேந்திரன் தம்பி, சற்று முன்பு நீங்கள் பேசும்போது, ஆசிரியர் கையால் எழுதாத ஒரு வரியும் தொகுப்பில் இருக்காது என்று உறுதி சொன்னீர்கள். நல்ல விதி. எங்கள் பதிவாளரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அந்தப் பக்கங்களை அச்சுக்குக் கொடுத்த கை ஆசிரியருடைய கை. பெயரைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டதும் அவர் கைதான், இதோ இருக்கிறது. பதினாறு பக்கத்தையும் போடுங்கள். மேலே அந்த ஸ்டாம்பையும் போடுங்கள். பக்கத்தில் பெயரைப் போடுங்கள். இதை நான் தனியாகக் கேட்கவில்லை. இரண்டாயிரத்து நாலில் கை தூக்கியவர்களில் இங்கே இருப்பவர்கள் எல்லோரும் இப்போது கை தூக்குங்கள். அன்றைக்கு வராதவர்களும் தூக்கலாம்.

தூக்கிப் பிடியுங்கள், எண்ணுகிறேன். சன்னல் பக்கம் பதினாலு. இந்தப் பக்கம் இருபத்து மூன்று. தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், பஸ்ஸிலும் அங்கேதான் ஒளிவீர்கள். ஒன்பது. மேடையில் மன்சூர் பாய் ஒன்று.

ஸ்ரீதேவி, நீயும் தூக்கலாம் தாயி. உன் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ராகவேந்திரன் தம்பி. கண்ணைத் துடைத்துவிட்டு மெதுவாகத் தூக்குங்கள், அவசரம் இல்லை. சரி. நன்றி. இறக்கிவிடலாம்.

ஆக நாற்பத்தொன்பது. நான் தூக்கினால் ஐம்பது.

இனி இந்தப் பதிவேடு என் பொறுப்பு என்று வட்டம் சொல்லியிருக்கிறது. எழுத வருகிறவர்கள் எழுதுங்கள், எத்தனை நாச்சியை வேண்டுமானாலும் அருவிக்குப் பின்னாலிருந்து கூட்டி வாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை வாசிப்பேன். யார் கை என்று கேட்டுத்தான் குத்துவேன். பீரோவுக்கு என் வீட்டில் இடம் ஒதுக்கியாயிற்று, என் வேட்டிகள் இறங்கிவிட்டன.

முதல் பதிவை உங்கள் முன்னால் எழுதுகிறேன். எண் முப்பத்தேழு, பக்கம் அறுபத்தைந்து முதல் எண்பது வரை. கைச்சரக்கு. யார் கை என்ற கட்டம் இருபத்தொரு வருடமாகக் காலியாக இருக்கிறது. எழுதுகிறேன், ஆவுடைத்தாய், தென்காசி. அவர் எழுத்து மாதிரி அழகாக வரவில்லை, என்ன செய்ய.

கீழே வட்டத்தின் முடிவு: பெயரோடு அச்சிட வேண்டும். ஆதரவு ஐம்பது.

எதிராக யாரும் இல்லை என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். ஆனால் எனக்குத் தெரியும், என் தங்கச்சி இந்த மண்டபத்தில் இருந்திருந்தால் அந்த மூலையிலிருந்து ஒரே ஒரு கை எழுந்திருக்கும். அதையும் எண்ணாமல் விட்டால் நான் என்ன கண்டக்டர்?

எதிர்ப்பு ஒன்று. பதிவாளர் கருத்து: வேண்டாம்.